தறி ஓட்டும் பெண்ணின் வால்வுக்கு யார் பணம் கட்டுவது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். கடைவீதிக்காரர்கள் முப்பது பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு, வசதியில்லாதவர்களின் வைத்தியச் செலவுக்குக் கொடுத்து வருகிறோம். போன வாரம் குமாரபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் மனைவி தறி ஓட்டுகிறவர், வயது முப்பத்து நாலு, இரண்டு பிள்ளைகள். இதய வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், நாலு லட்சம் ஆகும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒன்றரை லட்சம்.

இதை வைத்துக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. "ஜி.எஸ்.டி. கட்டுகிறோம், வருமான வரி கட்டுகிறோம். ஏழைக்கு வைத்தியம் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. நாம் ஏன் இரண்டு தடவை கட்ட வேண்டும்?" என்கிறார் ஒருவர். "அரசாங்கத்தை நம்பினால் ஆள் தேறாது. சோழர் காலத்தில் கோயிலிலேயே ஆதுரசாலை என்ற மருத்துவமனை நடத்திய நாடு இது. தருமம்தான் ஏழையைக் காப்பாற்றும்" என்கிறார் இன்னொருவர். இருவருமே எனக்கு வேண்டியவர்கள். யார் சொல்வது சரி? சங்கத்தைத் தொடரலாமா, கலைத்துவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

பதில்: வணக்கம். உங்கள் வாக்குவாதம் அடுத்த கூட்டம் வரை பொறுக்கும். அந்தப் பெண்ணின் இதயம் பொறுக்காது. அதனால் முதலில் அவர் விஷயத்தைப் பேசிவிடுவோம்.

கையிலிருக்கும் ஒன்றரை லட்சத்தை எங்கும் முன்பணமாகக் கட்டிவிடாதீர்கள். நீங்கள் கட்டிய மறுநாளே மீதி இரண்டரை லட்சத்துக்கு அந்தக் குடும்பம் வட்டிக்காரர் வாசலில் நிற்கும். தறிப்பட்டறையில் வாங்கிய முன்பணமும் அநேகமாக ஏற்கெனவே தலைமேல் இருக்கும். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025இல் வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். நல்ல மனதோடு கொடுத்த பாதிப் பணம் ஒரு குடும்பத்தை அந்தப் பாதையில் தள்ளிவிடக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய வால்வு சிகிச்சை அடங்கும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை அது ஏற்கும். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: குமாரபாளையம் உங்களுக்குப் பக்கத்து ஊர் என்றாலும் காவிரிக்கு அந்தக் கரையில் இருப்பதால் நாமக்கல் மாவட்டம். ஈரோட்டுக்கு அலைந்து ஒரு நாளை வீணாக்க வேண்டாம். உங்களில் விவரம் தெரிந்த ஒருவர் கூடவே போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் பத்தாயிரம். புருஷனும் பெண்டாட்டியும் தறி ஓட்டுகிற வீட்டில் இந்த வரம்பைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. அதற்காக அவர்களுக்கு நாலு லட்சம் கட்டும் சக்தி வந்துவிட்டதா? இந்த வரம்பை அரசு உயர்த்தியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அங்கே இதய அறுவைப் பிரிவு இருக்கிறது. அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையில் ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியாது. இதுவரை எடுத்த எக்கோ, ஈ.சி.ஜி., மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு இதய மருத்துவரிடமும் காட்டுவது நல்லது. சுருங்கியிருப்பது இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வாக இருந்து, அதில் சுண்ணாம்பு அதிகம் படியாமலும் பெரிய கசிவு இல்லாமலும் இருந்தால், நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி விரித்துவிட முடியலாம். செலவும் குறைவு, சீக்கிரம் எழுந்து வேலைக்கும் போகலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உலோக வால்வா, விலங்குத் திசுவில் செய்த வால்வா, இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் சாப்பிடும் மாத்திரை, கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

இனி உங்கள் கூட்டத்துச் சண்டைக்கு வருகிறேன். ஏழையின் சிகிச்சைக்கான பணம் அரசிடமிருந்துதான் வர வேண்டும். பணிக்காலம் முழுவதையும் அரசு மருத்துவமனைகளில் கழித்தவள் என்ற முறையில் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தருமத்துக்கும் வேலை இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை. உங்கள் ஜி.எஸ்.டி. நண்பரின் முடிவு சரி, அவர் சொல்லும் காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் வால்வு எப்படிச் சுருங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வயதில் நம் ஊர்ப் பெண்களுக்கு மைட்ரல் வால்வு சுருங்கினால் பெரும்பாலும் காரணம் ரூமாட்டிக் காய்ச்சல். பள்ளிக்கூட வயதில் தொண்டைப் புண் வரும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும், கை மருந்தில் தணியும். ஆனால் அது உள்ளே இதய வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீடுகளில் தொண்டைக் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் வால்வைத் தடிக்க வைத்து ஒட்டவைத்துவிடும். அதனால்தான் மருத்துவப் புத்தகங்கள் இதை வறுமையின் நோய் என்கின்றன. முதல் காய்ச்சலிலேயே கண்டுபிடித்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சாத்தின் பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் விடாமல் போட்டிருந்தால், வால்வு அநேகமாகத் தப்பியிருக்கும். மிக மலிவான, மிகப் பழைய மருந்து அது.

அந்த ஊசிக்காக உங்கள் சங்கத்தின் வாசலில் யாராவது வந்து நின்றிருப்பார்களா? நிற்க மாட்டார்கள். பத்து வயதுப் பெண் ஓடியாடிக்கொண்டிருக்கும்போது எந்தத் தகப்பனும் நன்கொடை கேட்டு வருவதில்லை, வந்தாலும் மனம் இரங்குவது கடினம். தருமம் என்பது கண்முன் நிற்கும் துயரத்துக்கு இரங்குவது. அது அதன் அழகு, அதன் எல்லையும் அதுவே. இன்னும் வராத நோய்க்குச் செலவழிக்க, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துப் பார்க்க, ஊசிக்கு வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போக, மாதச் சம்பளத்தில் ஆட்கள் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர், சுகாதார ஆய்வாளர் என்று அப்படி ஆட்களை வைத்திருப்பது அரசுதான். பொது சுகாதாரத்துக்கென்று 1939இலேயே தனிச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. இங்கே பிரசவத்தில் தாய் இறப்பது குறைந்ததற்கு எந்த வள்ளலின் பெயரையும் சொல்ல முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்த செவிலியர்கள் செய்தது அது.

அறுவைக்குப் பின்னாலும் இதே கதைதான். உலோக வால்வு வைத்தால் தினம் ஒரு மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தை அறிய மாதாமாதம் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை, சாகும் வரை. அறுவைக்குப் பணம் திரட்டித் தர ஊரே ஓடிவரும். எட்டாவது ஆண்டு மாத்திரைக்கு எவரும் வரமாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அதற்குள் ஊரில் வேறு நூறு பேர் நோயில் விழுந்திருப்பார்கள். கையில் காசில்லாமல் மாத்திரையை நிறுத்தி, வால்வில் ரத்தம் உறைந்து, ஒரு கை ஒரு கால் விழுந்த நிலையில் வந்து சேர்ந்த இளம்பெண்களை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இது பொருந்தும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். அதன் அருமை, மாதம் தவறாமல் வருவதில் இருக்கிறது.

ஜி.எஸ்.டி. நண்பரிடம் நான் மாறுபடும் இடம் இது. வரி கட்டுவது வியாபாரிகள்தான், வாங்கிக்கொள்வது ஏழைகள் என்ற எண்ணம் அவர் பேச்சில் தொனிக்கிறது. அந்தப் பெண் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு தடவையும் 18 சதவீதம் வரி கட்டுகிறார். தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்குச் சேர்ந்த வருவாய் 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் எவ்வளவு கூலிக்காரர்களின் சட்டைப்பையிலிருந்து வந்தது என்பதை எந்தக் கடைத்தெருவிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். அந்த ஆண்களின் வீட்டுப் பெண்கள்தான் எங்கள் ஓ.பி. வரிசையில் நிற்கிறவர்கள். அரசு மருத்துவமனைக் கட்டிலில் படுப்பவர் யாருடைய தயவிலும் படுக்கவில்லை. அவர் தன் பங்கை முன்பே கொடுத்துவிட்டவர். இந்த எண்ணம் நோயாளிக்கும் இருக்க வேண்டும், அவரைக் கவனிக்கும் எங்களுக்கும் இருக்க வேண்டும்.

பணத்தின் அளவையும் பாருங்கள். முப்பது பேர் மாதம் ஆயிரம் போட்டால் ஆண்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். தனியாரில் ஒரு வால்வுக்கே போதாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் பிரீமியம் ஆண்டுக்கு 849 ரூபாய். உங்களில் ஒருவர் ஒரு மாதம் போடும் தொகையை விடக் குறைவு. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஒரே கணக்கில் சேர்ப்பதால்தான் அவ்வளவு சிறிய தொகையில் அவ்வளவு பெரிய பாதுகாப்பு கிடைக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான் இதுவும், எல்லோர் கையும் வடத்தில் இருந்தால்தான் நகரும். அப்படி எல்லோர் கையையும் வடத்தில் வைக்கும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு.

இனி சோழர் காலம். உங்கள் நண்பர் குறிப்பிடுவது காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் கோயில் கல்வெட்டாக இருக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டு, வீரராசேந்திரன் காலம். பதினைந்து கட்டில் கொண்ட ஆதுரசாலை. ஒரு மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், மருந்திடும் பெண்கள், நாவிதர் என்று ஆட்கள். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று ஊதியம். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் வரை எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தச் செலவுக்கு வழி என்ன என்று கல்வெட்டில் பாருங்கள். வயலைக்காவூர் என்ற ஊரின் வரி வருவாய் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டு, அதிலிருந்து நடந்திருக்கிறது. பக்தர்கள் உண்டியலில் போட்டதை நம்பி யாரும் வைத்தியரை அமர்த்தவில்லை. உங்கள் நண்பர் தருமத்துக்கு எடுத்துக்காட்டும் கல்வெட்டு வரிப் பணத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது.

தருமத்தில் தொடங்கிய மருத்துவமனைகள் நம்மிடம் உண்டு, நான் மறுக்கவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782இல் பஞ்சத்தில் வந்து விழுந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்தது அது. பக்கத்திலேயே ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, சவளை ராமசாமி முதலியாரின் கொடை. இரண்டுமே இன்று அரசு மருத்துவமனைகள். உங்கள் ஊர்ப் பக்கமே பெருந்துறை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் பங்களிப்போடு நடந்து வந்தது, பிறகு அரசே எடுத்துக்கொண்டது. கட்டடம் எழுப்பக் கொடை போதும். தினமும் அதை நடத்த நிரந்தர வருமானம் வேண்டும். கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த வருமானம் அரசிடம்தான் இருந்தது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதய ரத்தக்குழாய்க்கு வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பில் போட்டுக்கொண்டிருந்த காலம் உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 29,600 ரூபாய்தான் உச்ச விலை என்று உத்தரவு போட்டது. ஒரே நாளில் இறங்கியது. அதுவரை எத்தனையோ அறக்கட்டளைகள் பழைய விலைக்கு ஸ்டென்ட் வாங்கிக் கொடுத்துப் புண்ணியம் தேடியிருக்கும். அவர்களால் பில்லைக் கட்ட முடிந்தது, பில்லைக் குறைக்க முடியவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து மருந்து வாங்குவதால்தான் அரசு மருத்துவமனைகளுக்கு அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதேபோல் தொடங்கின.

எனக்கு இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது வேறொன்று. நன்கொடையாளர் "முடியாது" என்று சொல்லலாம், அவர் பணம், அவர் இஷ்டம். அரசு அப்படிச் சொல்ல முடியாது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனை ஒவ்வொன்றும் "படுக்கை இல்லை" என்று அனுப்பிவிட்டது. கடைசியில் தனியாரில் காசு கட்டிப் பிழைத்தார். அவர் சார்ந்த சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அவசர சிகிச்சை தர மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்று 1996இல் தீர்ப்பு வந்தது, 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. உங்கள் சங்கம் பணம் இல்லை என்றால் அந்தக் குமாரபாளையத்துக்காரர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

கொடுப்பவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதும் உண்டு. முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய் உள்ள குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி என்று படத்தோடு வேண்டுகோள் வந்தால் நாடே திரண்டு கொடுக்கிறது. அந்தக் குழந்தைகள் பிழைக்கட்டும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் குடியால் ஈரல் கெட்டு வயிறு ஊதிக் கிடக்கும் நாற்பது வயதுக்காரரின் படத்தைப் போட்டு யாரும் கேட்பதில்லை. மனநோயாளிக்கும் காசநோயாளிக்கும் பார்க்க இரக்கம் வரும் முகம் இல்லை. "இவன் செய்த வினை" என்று சொல்லிவிடுவது எளிது. மருத்துவமனையில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம்.

தருமத்தின் பக்கம் நிற்கும் நண்பர் அரசு மருத்துவமனையைப் பற்றிச் சொல்லும் குறைகள் பொய்யில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்கிறார்கள். எக்கோவுக்கு வாரக்கணக்கில் தேதி தள்ளிப்போகிறது. ஒரு கட்டிலில் இருவரைப் படுக்க வைக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மருத்துவத்துக்கு ஒதுக்கியது 21,906 கோடி. கேட்கப் பெரிய தொகைதான். தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்கூட வராது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை 2025க்குள் அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017இல் தேசிய சுகாதாரக் கொள்கை எழுதிவைத்தது. 2021-22 கணக்குப்படி செலவானது 1.84 சதவீதம். அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுத்தது 39.4 சதவீதம். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்கு இது எவ்வளவோ மேல், 2013-14இல் அது 64.2ஆக இருந்தது. குறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் அரசு செலவை உயர்த்தியது. இன்னும் குறைய வேண்டுமானால் அதே வழியில் இன்னும் போக வேண்டும்.

தருமம் சில சமயம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. நான் பணியாற்றிய ஒரு தாலுகா மருத்துவமனையில் ஆய்வக நுட்புநர் பணியிடம் காலியாகக் கிடந்தது. ஊர் நல்லவர்கள் சிலர், எதிரிலிருந்த தனியார் லேபுக்குப் பணம் கட்டி ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்துகொடுத்தார்கள். புகார் ஒன்றுகூட வராததால் அந்த இடம் நிரப்பப்படாமலே ஆண்டுகள் ஓடின. அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பஸ் செலவுக்கு வைத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நாலு தடவை மனு கொடுத்திருந்தால் ஆள் வந்திருப்பார்.

"அரவிந்த் கண் மருத்துவமனை?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் பதினோரு படுக்கையோடு தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பதில், முடியாதவருக்கும் அதே தரத்தில் அறுவை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரித்து விலையையும் இறக்கினார்கள். அந்த வளாகத்துக்குள் போகும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. இரண்டு விஷயங்களை மட்டும் மறக்க வேண்டாம். அவரும் முகாம் நடத்தி மக்களைத் திரட்டக் கற்றது அரசுப் பணியில்தான். கண்புரை ஒருமுறை அறுத்து லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் நோய். வாராவாரம் துரத்தும் டயாலிசிஸையும், ரத்தத்தில் மிதந்து வரும் விபத்தையும், ஆயுளுக்கும் தொடரும் மனநோயையும் அந்தக் கணக்கில் நடத்திவிட முடியாது.

சங்கத்தைக் கலைக்க வேண்டாம். உங்கள் பணத்துக்கு அரசு எட்டாத இடங்களில் வேலை காத்திருக்கிறது. காப்பீடு அறுவைக்குக் கட்டும், குமாரபாளையத்திலிருந்து கோவைக்குப் பஸ் கட்டணம் கட்டாது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான், வெளியூர் பஸ்ஸில் கிடையாது. உடனிருக்கும் கணவர் தறிக்குப் போகாத நாளெல்லாம் கூலி இல்லை. அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இலவச சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் செலவுக்குப் பயந்துதான் ஓடுகிறார்கள். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு இரண்டு மாதக் கூலியும் பயணச் செலவும் கொடுத்தால் உங்கள் ஒன்றரை லட்சத்தில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடாதீர்கள்.

காசநோயாளியின் வீட்டுக்கு அரிசி பருப்பு கொடுங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது, ஊட்டத்துக்கு நோயாளியின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாயும் போடுகிறது. வீட்டாரின் தட்டை நிரப்ப உங்களால் முடியும். மாவட்டக் காசநோய் மையத்தில் கேட்டால் எந்த வீடுகளுக்கு வேண்டும் என்று சொல்வார்கள்.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வலி தணிக்கும் பணியும் உங்களுக்கு ஏற்றது. கோழிக்கோட்டில் 1993இல் சிலர் தொடங்கிய வேலை, கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் மாணவர்களும் மாதாமாதம் போட்ட சிறு தொகைகளில் கேரளம் முழுக்கப் பரவியது. 2008இல் அந்த அரசே அதைக் கொள்கையாக எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. தருமம் வழிகாட்ட, அரசு பின்னால் வந்து ஏற்றுக்கொண்டது. அரசு மருத்துவமனைக்கே கருவி ஏதாவது வாங்கித்தர விரும்பினால் அங்குள்ள நோயாளர் நலச் சங்கம் வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கித்தருமுன் அதை இயக்க ஆள் இருக்கிறாரா, பழுதானால் யார் பார்ப்பது என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் முப்பது பேரிடம் நான் கேட்க வேண்டும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு உரியவர். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட வேண்டும். அவருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்ட நோய்கள் என்றால் அதற்கும் மேல். எந்தச் சங்கமும் இவ்வளவு கொடுக்க முடியாது. உங்களில் யார் யார் ஊழியர்கள் எல்லோரையும் பதிந்திருக்கிறீர்கள், யார் பத்தாவது ஆளைக் கணக்கில் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதை அடுத்த கூட்டத்தில் மனம் விட்டுப் பேசுங்கள். சிறிய கடைகளுக்கு இது பொருந்தாது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இந்த மாதமே ஒவ்வொருவராகக் கேட்டுப் பாருங்கள். இல்லாதவரை வருமானச் சான்றுக்கும் பதிவுக்கும் அனுப்புங்கள், போகிற நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.